சீனி ஏறுவதற்கு முன்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாம் பத்துப் பேர் கூடினால் பேச்சு பிள்ளைகளில் தொடங்கிச் சீனி வருத்தத்தில் வந்து நிற்கிறது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் எடுத்த கணிப்பில், வளர்ந்தோரில் ஐவரில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருந்தது. இன்னும் ஏறக்குறைய முப்பது வீதத்தினர் அதன் வாசலில் நின்றனர். அந்த வாசலைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம். நம்மில் பலர் தெரியாமலே அங்கு நிற்கிறோம்.

சொறிக்கல்முனையில் வளர்ந்தவர்களுக்கு வயலை வைத்துச் சொன்னால் விளங்கும். சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோசு வாய்க்கால் தண்ணீர். தசைகள் வயல். வக்கடையைத் திறந்துவிடும் ஆள் இன்சுலின். தசையிலும் ஈரலிலும் கொழுப்புப் படிந்தால் வக்கடை இறுகிவிடும். ஓர் ஆள் செய்த வேலைக்கு மூன்று பேர் வேண்டும். சதையி மூன்று பேரையும் அனுப்பிச் சமாளிக்கும். அதனால் இரத்தப் பரிசோதனைத் துண்டில் ஒன்றும் தெரியாது. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. பல வருடம் இப்படியே ஓடும். சதையி களைத்துப்போன பிறகுதான் சீனி ஏறும்.

1960 அளவில் நியூயோர்க்கில் ரொசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் இன்சுலினை அளந்து பார்த்தபோது, வயதுவந்த நீரிழிவுக்காரர் பலரிடம் அது குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தது. யாலோ பௌதிகவியல் படித்தவர். 1977 இல் நோபல் பரிசு பெற்றார். பெண்பிள்ளைக்குப் பௌதிகவியல் எதற்கென்று கேட்டவர்கள் நம் காலத்திலும் இருந்ததால் பெயரைச் சொல்லி வைக்கிறோம்.

கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "அது வயித்தில பிள்ளை இருக்கக்குள்ள வந்தது டொக்டர், பிள்ளை பிறந்ததோட போயிற்று." கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியின் ஓமோன்கள் எந்தத் தாய்க்கும் இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டும். அதற்கு ஈடுகொடுக்கச் சிலரது சதையியால் முடிவதில்லை. சீனி இறங்கினாலும் அந்தப் பலவீனம் அங்கேயே இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றத் தாய்மாரைவிட ஏழு மடங்குக்கும் மேல். பிள்ளை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் குளுக்கோசு குடித்துச் செய்யும் பரிசோதனையும், பிறகு வருடாவருடம் ஒரு பரிசோதனையும் அவசியம். பிள்ளையின் தடுப்பூசித் திகதியை மறக்காத நாம் இதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

மகளின் கழுத்து கறுத்திருந்தால் ஊத்தை என்று உரஞ்சாதீர்கள். வெல்வெட் துணிபோலத் தடித்த அந்தக் கறுப்பு பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். மாதவிடாய் தவறித் தவறி வருவதும் அப்படி இருக்கலாம். ஏசாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சோற்றையே பகையாக்கச் சொல்லவில்லை. நம் பாட்டிமாரும் சோறுதான் சாப்பிட்டார்கள். ஆனால் நாற்று நட்டார்கள், களை பிடுங்கினார்கள், நெல்லுக் குத்தினார்கள். இன்று வெட்டுவது மெஷின், குத்துவது மில். கோப்பையில் சோறு மட்டும் குறையவில்லை.

சென்னையில் வைத்தியர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், வாசலில் நின்ற 531 பேரைப் பின்தொடர்ந்தார்கள். வழமையான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுக்குள் 55 வீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. தினமும் அரைமணி நேர நடையும் உணவுக் கட்டுப்பாடும் என்று தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டவர்களில் 39 வீதம். வாசலிலிருந்து திரும்பி வரலாம் என்பதற்கு இது நம் உடலமைப்புள்ளவர்களிடமே கிடைத்த சான்று.

35 வயதானவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். வெறுவயிற்றில் 100 இலிருந்து 125 வரை என்றால் அதுதான் வாசல். 126 உம் மேலும் இரண்டு முறை வந்தால் நீரிழிவு. மண்டபக் கதவடியில் மேசையில் அளவுநாடா வைத்திருக்கிறோம். இடுப்புச் சுற்று 80 சென்றிமீற்றரைத் தாண்டியவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத் தேநீருக்குப் போங்கள். தேநீரில் சீனி போடவில்லை, கேட்டால் தருவார்கள்.