சுருக்கம் போக ஊசியா? இரண்டு கேள்விகள் கேளுங்கள்
(வைப்பினில் நடந்த அங்கத்தினர் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)



தோல் மருத்துவர் என்ற முறையில் சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். பெண்ணுக்குக் கல்யாணம், அகத்துக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் என்று நாள் குறித்தவுடன், “நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா, டாக்டர்?” என்று மாமிகள் கேட்கிறார்கள். இப்போது மாமாக்களும் கேட்கிறார்கள். அது அவரவர் இஷ்டம், அதில் தவறில்லை. ஆனால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் முகத்தைக் காட்டாதீர்கள். ஊசி போடுபவர் யார்? குப்பியில் இருப்பது என்ன?

போடாக்ஸ் என்பது வியாபாரப் பெயர். உள்ளே இருப்பது பாட்டுலினம் டாக்ஸின் என்னும் கொடிய விஷம். மிகமிகச் சிறிய அளவில் கொடுத்தால், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவை அது தடுக்கிறது. தசை தளர்ந்து சுருக்கம் மறைகிறது. மூன்று நான்கு மாதங்களில் பழையபடி ஆகிவிடும். அமெரிக்காவில் 1989-ல் மாறுகண் போன்ற கண் கோளாறுகளுக்கு அனுமதி கிடைத்தது. புருவ மத்திச் சுருக்கத்துக்கு 2002-ல்தான் கிடைத்தது. இடம் சற்றுத் தவறினாலும் கண் இமை தொங்கிவிடும்.

குப்பியைப் பற்றி ஏன் கேட்க வேண்டும் என்று இந்தத் தீவில் சொல்லத் தேவையில்லை. 1982 ஓணத்தின்போது இங்கே மெத்தில் ஆல்கஹால் கலந்த சாராயம் குடித்து எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பலர் கண்பார்வை இழந்தார்கள். அது லைசென்ஸ் உள்ள கடைகளில் விற்ற சரக்கு. வாசலில் போர்டு இருந்தால் மட்டும் போதாது.

2004-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு டாக்டர், ஆராய்ச்சிக்கூடத்துக்கான டாக்ஸினை வாங்கித் தமக்கும் வேறு மூவருக்கும் போட்டார். நால்வரும் உடல் செயலிழந்து, செயற்கைச் சுவாசத்தில் கிடந்து பிழைத்தார்கள். அந்த ரகக் குப்பி ஒன்றில் சுமார் 14,000 பேரைக் கொல்லப் போதுமான விஷம் இருந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். 2024-லும் அதே நாட்டில், வீடுகளிலும் ஸ்பாக்களிலும் ஊசி போட்டுக்கொண்ட 22 பேர் நோயுற்றார்கள். அவர்களில் 11 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சிலருக்குப் போட்டது போலி மருந்து என்று தெரியவந்தது.

ஆகவே, தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ மேற்படிப்பு முடித்த டாக்டரிடமே போங்கள். மாநில மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கர்ப்பம், தசை பலவீன நோய், சாப்பிடும் மருந்துகள் எதையும் மறைக்காதீர்கள். பிறகு விழுங்கவோ, பேசவோ, மூச்சுவிடவோ சிரமம் தெரிந்தால், அன்றானாலும் சில வாரம் கழித்தானாலும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பட்டுப்புடவை வாங்கும்போது ஜரிகையைத் திருப்பிப் பார்க்கிறோம். சொந்த முகத்துக்கு அந்த அளவு விசாரணையாவது வேண்டாமா?