சொல் கலக்கட்டும், எழுத்து நிற்கட்டும்



இந்தப் பாப்பாரப்பட்டி, விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா அடங்கிய மண். வெள்ளைக்காரன் சிறையில் தொழுநோயை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், 1925 ஜூலை 23-ல் இந்த ஊரில் கண்மூடினார். அவர் 1915-ல் தம்முடைய 'ஞானபாநு' இதழில் ஒரு போட்டி வைத்தார். வடமொழி கலக்காமல் தனித்தமிழில் எழுதுகிறவருக்கு ஐந்து ரூபாய் பரிசு! மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் பிறந்ததே அதற்கு அடுத்த ஆண்டுதான்.

அந்தப் பெருமையைச் சொல்லிவிட்டு, மேடை ஏறுகிறவர்கள் எல்லாரும் இளைஞர்களைத் திட்டத் தொடங்குகிறார்கள். "வாட்ஸ்அப்பில் தமிங்கிலம் எழுதுகிறான், தமிழைக் கொல்கிறான்" என்று முழங்குகிறார்கள். முழங்கிவிட்டுக் கீழே இறங்கியதும், "மைக் செட் சூப்பர் தம்பி" என்கிறார்கள்!

நான் அந்தக் கட்சி இல்லை. நம் தருமபுரி எல்லை மாவட்டம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேரம் பேசுகிற ஊர் நமது. சொல் கலந்ததால் இங்கே யாருடைய குடியும் முழுகிவிடவில்லை.

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியிலிருந்து ஒரு செய்தி வருகிறது என்று வையுங்கள். "ரேட் டவுன், லோடு அனுப்ப வேண்டாம்." பாதிக்கு மேல் இங்கிலீஷ்தான். ஆனால் தமிழ் எழுத்தில் இருக்கிறது. தோட்டத்தில் நிற்கிற விவசாயி படிக்கிறார், வண்டியை நிறுத்துகிறார். இப்போது அதையே ஒரு பிறமொழிச் சொல்கூட இல்லாத சுத்தத் தமிழில், ஆங்கில எழுத்தில் அனுப்புங்கள். அவருக்குப் படிக்க வராது. லோடு கிளம்பிவிடும். சொல்லுங்கள், இந்த இரண்டில் எது அந்த விவசாயிக்குத் தமிழ்?

என் சண்டை சொல்லோடு அல்ல, எழுத்தோடு. 1990-களில் தமிழ்நாடெங்கும் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பகலெல்லாம் களை பறித்த பெண்கள் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து 'அ' எழுதினார்கள். அப்படிப் படிக்கப் பழகிய தாய்க்கு, மகன் ஆங்கில எழுத்தில் செய்தி அனுப்புகிறான். அவள் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போகிறாள். மகனுக்குச் சம்பளம் வரவில்லை என்பதும், மருமகள் கோபித்துக்கொண்டு போனதும் தெருவுக்கே தெரிந்துபோகிறது. பாடுபட்டுக் கற்றுக்கொண்டவளை மறுபடியும் கைநாட்டு ஆக்குவதற்கா பிள்ளையைப் படிக்க வைத்தாள்?

"எழுத்தில் என்ன இருக்கிறது, பழைய ஆட்கள் கவலைப்படுகிறீர்கள்" என்று சிரிக்கிறீர்கள். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு, வட்டெழுத்தில் கல் வெட்டி வைத்தார்கள். பக்கத்துச் செங்கம் நடுகற்களில் பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் பெயர் எப்படி இருக்கிறது தெரியுமா? 'மயீந்திர பருமன்'! வடமொழிப் பெயரை அவர்கள் ஒதுக்கவில்லை. தங்கள் எழுத்துக்குள், தங்கள் நாவுக்கேற்ப உட்கார வைத்தார்கள். அந்தத் துணிச்சல் ஸ்மார்ட்போன் வைத்திருக்கிற நமக்கு ஏன் இல்லை?

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுத ஒருகாலத்தில் காரணம் இருந்தது. பழைய பட்டன் போன்கள் பலவற்றில் தமிழே வராது, வேறு வழியில்லை. இன்று அந்தச் சாக்கு செல்லாது. யூனிகோடில் 1991-லேயே தமிழ் இடம்பிடித்துவிட்டது. தமிழ்99 விசைப்பலகைக்கு மாநில அரசு 1999-ல் ஒப்புதல் தந்தது. அதைப் பழகச் சோம்பலா? ஆங்கில எழுத்தைத் தட்டினாலே தமிழாக மாற்றித் தரும் விசைப்பலகை உங்கள் போனிலேயே கிடைக்கிறது. அதுவும் கஷ்டமா? வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்கிறது! இதற்குப் பிறகும் மாறாவிட்டால் அதற்குப் பெயர் வசதி இல்லை, அலட்சியம்.

தூய்மை பேசும் பெரியவர்களுக்கும் ஒன்று. பையன் 'சூப்பர்' என்று எழுதினால் பாய்கிறீர்களே, உங்கள் கணக்கில் பணம் பிடித்த செய்தி ஆங்கிலத்தில் வரும்போது ஏன் வாய் திறப்பதில்லை? தமிழில் அனுப்பு என்று வங்கிப் படியேறிக் கேளுங்கள். எளியவன் மேல் காட்டுகிற வீரத்தை அங்கே காட்டுங்கள்.

தம்பிகளே, 'பஸ் லேட்' என்று எழுதுங்கள், 'மேனேஜர் லீவு தரல' என்று எழுதுங்கள். ஆனால் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். கூட்டம் கலையும் முன்பே போனைத் திறந்து விசைப்பலகையை மாற்றுங்கள். தெரியாதவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள், மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நான் ஊருக்குக் கிளம்புவேன்.