முகம் தெரியுற மாதிரி படம் எடுக்கக் கத்துக்கிட்டேன்



நான் குன்னூர் பக்கத்திலிருந்து வர்றேன். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். இரண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க குழுவில் 15,000 ரூபாய் கடன் வாங்கி, ஒரு பழைய கேமரா வாங்கினேன். காதுகுத்து, வளைகாப்புன்னு படம் எடுத்தால் தவணை கட்டிவிடலாம் என்று நினைச்சேன்.

முதல் வேலை ஒரு வளைகாப்பு. வாசலில் நிற்க வைத்து எடுத்தேன். பின்னாடி முழுக்க வெள்ளையாகப் பனிமூட்டம். வீட்டில் வந்து பார்த்தால் ஒருத்தர் முகமும் தெரியவில்லை, எல்லாம் கருப்பு. அந்தப் பொண்ணோட அம்மா, "முதல் வளைகாப்பும்மா, திரும்ப வருமா?" என்று கேட்டாங்க. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாதத் தவணை நின்று போச்சு.

எங்க ஊரில் ஒரு மாமா, ஊட்டி இந்து நகர் பிலிம் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1967-இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்தான் அது. அவரிடம் படத்தைக் காட்டினேன்.

"உன் கேமராவுக்கு இது முகம், இது பனின்னு தெரியாதும்மா. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை நிறைய இருந்தால் வெளிச்சத்தைக் குறைச்சிடும், முகம் இருட்டாயிடும். ஆட்டோவை விட்டுட்டு 'எம்' என்ற எழுத்தில் வை" என்றார்.

குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி என்று சொல்லிக் கொடுத்தார். லென்ஸின் துளை, குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது. எண் சின்னதானால் துளை பெரிசு. ஷட்டர், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது. ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் கொஞ்ச வெளிச்சமே போதும், ஆனால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும். பிலிம் காலத்தில் ரோல் முடியும் வரை ஒரே ஐ.எஸ்.ஓ.தானாம். இப்போ ஒவ்வொரு படத்துக்கும் மாத்தலாம்.

மறுநாள் பனியில் என் மாமியாரை நிற்க வைச்சேன். ஐ.எஸ்.ஓ. 400, துளை 5.6. கேமரா தானாக வைத்த ஷட்டர், ஒரு நொடியில் 500-ல் ஒரு பங்கு. நான் 125-ல் ஒரு பங்கு வைச்சேன். நாலு மடங்கு வெளிச்சம். பின்னாடி பனி வெளுத்துப் போச்சு, ஆனால் முகம் பளிச்சென்று வந்தது. கொழுந்து பறிக்கிற கையை எடுக்கும்போது அந்த 125 போதவில்லை, விரல் எல்லாம் கலங்கிப் போச்சு. 500-ல் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை 1600 ஆக்கினேன். சரியாக வந்தது.

எடுத்ததை எல்லாம் நோட்டில் எழுதி வைச்சேன். அந்தப் பொண்ணுக்குக் குழந்தை பிறந்து பேர் வைக்கும்போது, காசு வாங்காமல் போய் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா சொல்லித்தான் அடுத்த மூணு வேலை வந்தது. போன மாதம் கடன் முடிந்தது.

நம்ம விழா மலருக்கும் என்னையே படம் எடுக்கச் சொல்லியிருக்காங்க. வெளியே பனி இறங்கிட்டுத்தான் இருக்கு. பயப்படாமல் வந்து நில்லுங்க அக்கா, உங்க முகம் தெரியும்.