மின்சாரக் குழுவில் யார் அமர வேண்டும்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3ஆம் நாள், சனிக்கிழமை மாலை. திரங்கானு மாநிலத்தில் பாக்கா மின் நிலையத்தை ஒட்டிய மின் தடத்தில் கோளாறு ஏற்பட்டது. சற்று நேரத்தில் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் நின்றது. நிலைமை சீராகச் சுமார் 16 மணி நேரம் ஆயிற்று. நடுத்தர வயதைத் தாண்டிய நேயர்கள் பலருக்கும் அந்த இரவு நினைவிருக்கும்.

அப்படிப்பட்ட இரவில் எல்லாரும் முதலில் கேட்பது, ‘எங்கே பழுது?’ அடுத்துக் கேட்பது, ‘எப்போது வரும்?’ மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்பவர்கள் மிகச் சிலர். மின்சாரத்தைப் பற்றி ஆலோசனை சொல்லவும் முடிவெடுக்கவும் அமர்த்தப்பட்டவர்கள் யார்? குழுவுக்கு வருமுன் அவர்கள் என்ன தொழில் செய்தார்கள்? இன்றைய உரை இந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியது.

மின்சாரத் துறையில் குழுக்கள் பல வகை. ஆலோசனை மட்டும் கூறும் குழு உண்டு. கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையம் உண்டு. மின் தொகுப்பை நடத்தும் நிறுவனத்தின் இயக்குநர் வாரியமும் உண்டு. இவற்றின் அதிகாரம் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆயினும் ஒரு செய்தி பெரும்பாலானவற்றுக்குப் பொது. இவற்றின் உறுப்பினர்களைப் பெரும்பாலும் வாக்குச் சீட்டுப் போட்டு மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அவர்கள் பேசி முடித்தது, மாதக் கடைசியில் வீட்டு மின்சார பில்லில் வந்து நிற்கிறது. அரிசி விலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். பெரும்பாலான நாடுகளில் வீட்டு மின்சாரத்துக்கு அடுத்த கடை என்று ஒன்று இல்லை. ஆகவே அந்த மேசையில் அமர்பவர் யார் என்பது வீண் ஆராய்ச்சி ஆகாது.

இதற்கு மூன்று இடங்களின் அனுபவத்தைப் பார்ப்போம்.

விற்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில்

முதலாவது, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். அங்கு 1996இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 1998இல் மின்சாரச் சந்தையைத் திறந்துவிட்டார்கள். மின் தொகுப்பை நடத்த ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தினார்கள். அதன் வாரியத்தில் 26 பேர். மின்சாரம் உற்பத்தி செய்பவர், விநியோகம் செய்பவர், வாங்கி விற்பவர், பெரிய தொழிற்சாலைகள், பயனீட்டாளர்கள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என ஒவ்வொரு தரப்புக்கும் இடம் கொடுத்தார்கள். எல்லாருக்கும் இடம் கொடுத்தாயிற்று, இனி அநியாயம் நடக்காது என்பது அவர்கள் கணக்கு.

2000ஆம் ஆண்டு கோடையில் அந்தக் கணக்கு பொய்த்தது. மொத்த விலை தாறுமாறாக ஏறியது. ஒரு மெகாவாட் மணிக்கு இருந்த 750 டாலர் உச்ச வரம்பை முதலில் 500 ஆகவும், பிறகு 250 ஆகவும் வாரியம் குறைத்தது. விலையைக் குறைக்கும்படி ஒருவர் வாதாடினால், அந்த விலையில் பிழைப்பவரும் அதே மேசையில் அமர்ந்திருந்தார். 2001 ஜனவரியில் வட கலிஃபோர்னியாவில் சுழற்சி முறையில் மின்சாரத்தை நிறுத்த வேண்டி வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், மாநிலத்தின் மாபெரும் மின் நிறுவனங்களுள் ஒன்றான பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் திவால் மனு கொடுத்தது.

26 பேர் வாரியம் 2001 ஜனவரியிலேயே கலைக்கப்பட்டது. ஆளுநர் நியமித்த ஐவர் அதன் இடத்துக்கு வந்தனர். மின்சார வியாபாரிகள் சிலர் சந்தையில் செய்த தந்திரங்கள் பின்னர்தான் வெளிச்சத்துக்கு வந்தன. நெருக்கடிக்குக் காரணங்கள் பல. வாரியம் ஒன்றே காரணம் என்று பழி போடக்கூடாது. ஆனால் ஒரு பாடம் தெளிவு. ஒவ்வொரு தரப்பும் தன் தன் பங்கைக் காக்க வந்து அமர்ந்தால், பொதுவைக் காக்க ஆள் இருக்காது.

படிப்பு இருந்தது, பக்கத்தில் வீடு இல்லை

அப்படியானால் எந்தத் தரப்பையும் சேராத நிபுணர்களை அமர்த்தினால் போதுமா? இரண்டாவது இடமான டெக்சஸ் இதற்குப் பதில் சொல்கிறது.

டெக்சஸ் மாநிலத்தின் பெரும்பகுதிக்கு எர்காட் என்னும் அமைப்பு மின் தொகுப்பை நடத்துகிறது. அண்டை மாநிலங்களோடு அதற்குள்ள இணைப்பு மிகக் குறைவு. 2021 பிப்ரவரியில் கடும் பனிப்புயல் வந்தது. 15ஆம் தேதி பின்னிரவு ஒரு மணிக்கு மேல் வீடுகளின் மின்சாரத்தை வெட்டத் தொடங்கினார்கள். தொகுப்பு முழுவதும் சரிந்துவிடாமல் 4 நிமிடம் 37 வினாடி இடைவெளியில் தப்பியது என்று அந்த அமைப்பே பின்னர் கூறியது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. மாநில சுகாதாரத் துறையின் கணக்குப்படி 246 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் உயிரைக் குடித்தது குளிர்.

அப்போதுதான் மக்கள் வாரிய உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். தலைவராக இருந்தவர், மிச்சிகன் மாநிலத்தில் இதே போன்ற ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர். துணைத் தலைவர், சந்தை வடிவமைப்பில் பேர் பெற்ற பொருளியல் பேராசிரியர். தகுதியில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இருவருமே டெக்சசில் குடியிருப்பவர்கள் அல்லர். இன்னும் சிலரும் அப்படியே. புயல் வருமுன் பிப்ரவரி 9ஆம் தேதி வாரியம் கூடியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்ட அக்கூட்டத்தில், வரப்போகும் குளிரைப் பற்றிய பேச்சு ஒரு நிமிடம் கூட நீடிக்கவில்லை என்பதைச் செய்தியாளர்கள் எடுத்துக் காட்டினர். வெளிமாநிலத்தில் வசித்த ஐந்து உறுப்பினர்கள் பிப்ரவரி 23ஆம் தேதி பதவி விலகலை அறிவித்தனர்.

அதே ஆண்டில் சட்டம் மாறியது. 16 பேர் வாரியம் 11 பேராகச் சுருங்கியது. அவர்களில் எட்டுப் பேரை ஒரு தேர்வுக் குழு பொறுக்கும். நிதி, வணிகம், பொறியியல், இடர் மேலாண்மை, சட்டம், மின் சந்தை வடிவமைப்பு போன்ற துறைகளில் அனுபவம் வேண்டும். டெக்சசில் குடியிருக்க வேண்டும். அந்த மின் சந்தையில் சொந்தச் சொத்து இருக்கக் கூடாது. தேர்வுக் குழுவின் மூவரை நியமிப்பவர்கள் ஆளுநரும் துணை ஆளுநரும் கீழவைத் தலைவரும்தான். அதனால் அரசியல்வாதிகளின் கை ஓங்கிவிட்டது என்ற குறையும் எழாமல் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. டெக்சசில் பெருமளவு மின்சாரம் இயற்கை எரிவாயுவில் பிறக்கிறது. குளிரில் எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. சில எரிவாயு நிலையங்கள் ‘அத்தியாவசியம்’ என்று பதிவு செய்யப்படாததால், அவற்றின் மின்சாரமும் வெட்டப்பட்டது. எரிவாயு இல்லாமல் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாமல் எரிவாயு இல்லை. ஆனால் அந்த 16 நாற்காலிகளில் எரிவாயுத் துறைக்கென்று ஒன்று கூட இல்லை. எரிவாயுவைக் கண்காணிப்பது வேறோர் ஆணையம். 2021ஆம் ஆண்டுச் சட்டம்தான் இரு தரப்பு அதிகாரிகளையும் ஒரே குழுவில் உட்கார வைத்து, எந்த எரிவாயு நிலையம் முக்கியமானது என்று வரைபடம் போடச் சொன்னது.

ஆக, யார் வந்தார்கள் என்று பார்த்தால் போதாது. யாரை அழைக்க மறந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

தொழிலைச் சட்டத்திலேயே எழுதிய நாடு

மூன்றாவது இடம் இந்தியா. அங்கு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், எந்தத் தொழில் பின்னணியில் உறுப்பினர் வேண்டும் என்பதையே எழுதி வைத்தது. மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தில் மின் பொறியியல் அறிந்த ஒருவர், நிதி அறிந்த ஒருவர், பொருளியல், வணிகம், சட்டம், மேலாண்மை ஆகியவற்றுள் அனுபவமுள்ள இருவர் என்று வகுத்தது.

இதற்குத் துணையாக ஆலோசனைக் குழுக்களையும் வைத்தது. மத்தியில் அதிகபட்சம் 31 பேர். மாநிலத்தில் அதிகபட்சம் 21 பேர். வணிகம், தொழில், போக்குவரத்து, விவசாயம், தொழிலாளர், பயனீட்டாளர், அரசு சாரா அமைப்புகள், கல்வி, ஆய்வு ஆகிய எல்லாவற்றின் குரலும் அதில் ஒலிக்க வேண்டும். மாநிலக் குழுவில் நுகர்வோர் விவகாரத்தையும் பொது விநியோகத்தையும் பார்க்கும் அரசுச் செயலாளர் பதவி வழியாகவே உறுப்பினர். ரேஷன் அரிசியைக் கவனிப்பவர் மின்சாரக் குழுவில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஏழை வீட்டில் அரிசிக்கும் விளக்குக்கும் ஒரே பணம்தான் என்பதை அவர் அறிவார் அல்லவா?

இங்கும் ஓர் ஓட்டை இருந்தது. ஆணையம் வெறும் கட்டணம் போடும் இடமாக மட்டும் இல்லை. நிறுவனங்களுக்கிடையே வழக்கும் தீர்க்கிறது. தமிழ்நாட்டு மின் வாரிய நிறுவனத்துக்கும் ஒரு தனியார் மின் உற்பத்தி நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014இல் தீர்ப்பானது. சட்டம் படித்தவர் இல்லாமல் இப்படிப்பட்ட வழக்குகளை விசாரிப்பது சரியா என்ற கேள்வி அதில் எழுந்தது. 2018 ஏப்ரலில் குஜராத் மாநிலம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது: ஆணையத் தலைவர் நீதிபதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் உறுப்பினர்களில் ஒருவராவது சட்டத் துறையில் இருந்து வந்தவராக இருப்பது கட்டாயம்.

அதே சட்டத்தில் இன்னொரு நல்ல விதி உண்டு. ஆணைய உறுப்பினர் பதவி முடிந்த பின் இரண்டு ஆண்டுகளுக்கு மின்சாரத் தொழிலில் ஈடுபட்ட நிறுவனங்களில் வேலைக்குச் சேரக் கூடாது. இன்று தீர்ப்புச் சொல்லி, நாளை அங்கேயே சம்பளம் வாங்கினால், அந்தத் தீர்ப்பை யார் நம்புவார்கள்?

தீராத சிக்கல்

நேயர்களே, இதில் ஓர் உண்மையான சிக்கல் இருக்கிறது. அதை மூடி மறைக்கக் கூடாது. மின்சாரம் எளிதில் புரியும் பொருளன்று. அதை நன்கு அறிந்தவர், பெரும்பாலும் அத்துறையிலேயே சம்பளம் வாங்கியவராக இருப்பார். எந்தத் தொடர்பும் இல்லாதவரோ, கனத்த கட்டண மனுவைப் புரட்டிப் பார்த்துத் திகைத்து நிற்பார். அறிந்தவருக்குப் பற்று இருக்கிறது. பற்றில்லாதவருக்கு அறிவு போதவில்லை. வேலியாக வைத்தவரே பயிரை மேய்ந்தாலும் நட்டம். வேலியே இல்லாவிட்டாலும் நட்டம்.

இதற்கு முழுமையான மருந்து எந்த நாட்டிலும் கிடைக்கவில்லை. ஆனால் பாதி நோயைத் தீர்க்கும் வழிகள் உண்டு. எல்லா நற்குணமும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்று தேடாமல், மேசையைச் சமன் செய்யலாம். முன்பு எங்கே வேலை பார்த்தார், எங்கே பங்கு வைத்திருக்கிறார் என்பதை எழுதி வெளியிடலாம். பயனீட்டாளர் சார்பில் பேசுபவருக்கு நாற்காலி மட்டும் கொடுக்காமல், கணக்குப் பார்க்க ஆளும் பணமும் கொடுக்கலாம். டெக்சசில் வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் வாதாடவே அரசு ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. அங்கே வழக்கறிஞர்கள் உண்டு. எதிர்த் தரப்பின் கணக்கைக் கணக்கால் சந்திக்க முடியும். ஆயினும் 2021இல் அந்த அலுவலகத்துக்கு வாரியத்தில் இருந்தது 16இல் ஒரு நாற்காலிதான்.

மலேசிய நேயர்களுக்கும் இது தூரத்துக் கதை அல்ல. எரிசக்தி ஆணையம் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய கட்டண முறை நடப்புக்கு வந்தது. எரிபொருள் விலையின் ஏற்ற இறக்கம் மாதந்தோறும் கட்டணத்தில் சரிசெய்யப்படும் ஏற்பாடு அதில் சேர்ந்தது. நிலக்கரி, எரிவாயு, அந்நியச் செலாவணி எல்லாம் வீட்டு பில்லுக்குள் வந்துவிட்ட காலம் இது. அப்படியென்றால் ஆலோசனை சொல்லும் இடத்தில் கம்பியை அறிந்தவர் மட்டும் போதாது. கப்பலையும் சந்தையையும், குறைந்த வருமானக் குடும்பத்தின் மாதச் செலவையும் அறிந்தவர்கள் வேண்டும்.

இனி எந்த மின்சாரக் குழுவின் உறுப்பினர் பட்டியல் செய்தித்தாளில் வந்தாலும், பெயருக்குப் பின்னால் உள்ள பட்டங்களை எண்ணிவிட்டு அடுத்த பக்கம் போய்விட வேண்டாம். மூன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். இவருக்கு என்ன தெரியும்? இவருக்கு இதுவரை சோறு போட்டது யார்? மின்சாரம் நின்றால் இவர் வீட்டு விளக்கும் அணையுமா?

மூன்றுக்கும் ஒருவரே நல்ல பதில் தர முடியாமல் போகலாம். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்தாவது தர வேண்டும். தர முடியவில்லை என்றால், காலியாக இருக்கும் நாற்காலி எது என்பது அடுத்த இருட்டில் தெரியும். டெக்சஸ் மக்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. வெளிச்சம் இருக்கும்போதே கேட்பது நல்லது.