மலையும் கச்சானும்

வைகாசி முதல் நமது தீவின்மீது வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை யாழ்ப்பாணத்தார் சோழகம் என்பர். மட்டக்களப்பாருக்கு அது கச்சான். ஹற்றனை அடுத்த வட்டவளையில் அடைமழையாய்ப் பொழியும் அதே காற்று, மட்டக்களப்பில் நாவை வறட்டும் அனலாய் வீசுகின்றது. இடையில் நிற்பது மத்திய மலைநாடு.

மலை மதில்போல் நின்று மேகத்தைத் தடுக்கின்றது என்று மாணவர் பலர் பரீட்சையில் எழுதுவதுண்டு. அது அரை உண்மையே. மலை காற்றை மேலே ஏறச் செய்கின்றது. ஏறும் காற்று விரிந்து குளிரும். 1000 மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியசு வெப்பம் குறையும். நீராவி திவலைகளாகத் தொடங்கியதும் அது தன்னுள் மறைந்திருந்த வெப்பத்தை வெளியிடுவதால், குளிர்தல் மெதுவாகின்றது. மழையைக் கொட்டிவிட்டு மறுபுறம் இறங்கும் காற்றோ, முழு 10 பாகை வீதம் சூடேறுகின்றது. ஏறுகையில் இழந்ததிலும் இறங்குகையில் பெறுவது மிகுதி. கச்சானின் வெம்மைக்கு இதுவே காரணம்.

ஆனி மாதத்தில் பதுளைப் புகைவண்டியில் செல்வோர் இதைக் கண்ணாரக் காணலாம். பட்டிப்பொலையில் மூடுபனியும் தூறலும். சுரங்கவழியைக் கடந்து ஒகியவை அடைந்ததும், பல நாட்களில் வெயில். மார்கழியில் காற்றுத் திசைமாறி வடகிழக்கிலிருந்து வீசும்போது, ஊவாவின் கிழக்குச் சாய்வுகள் நனையும்.

மலையில்லாத இடத்தில் நிகழ்வது யாது? மன்னார் மேற்குக் கரையிலேதான் இருக்கின்றது. சோழகமும் கடலைக் கடந்தே அங்கு வருகின்றது. ஆயினும் ஏற்றிவிட மலையில்லாமையால், அது பெரும்பாலும் ஈரத்தைச் சுமந்தவாறே கடந்துவிடுகின்றது. வட்டவளையில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றருக்கு மேல். மன்னாரில் ஏறத்தாழ 1000 மில்லிமீற்றரே. அதுவும் பெரிதும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வருவது. அம்மழைக்கு மலையன்று, வங்காள விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்களே முக்கிய காரணம்.

மலை கிழக்குக்கு மறுத்த மழையில் ஒரு பங்கை ஆறு கொண்டு சேர்க்கின்றது என்பதையும் கூறவேண்டும். மேற்குச் சாய்வின் நீரைத் திரட்டும் மகாவலி, மலையைச் சுற்றி இறங்கித் திருகோணமலையருகே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. 1976ஆம் ஆண்டிலிருந்து அந்நீரில் ஒரு பகுதி பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, வட மத்திய பகுதிக் குளங்களுக்குச் செல்கின்றது. தன் வானில் மேகமே இல்லாத ஆடி மாதத்தில், சிறுபோகம் விதைத்த அப்பகுதிக் கமக்காரன் வாய்க்காலில் காண்பது நாவலப்பிட்டிப் பக்கத்து மழையைத்தான்.