வேலையைப் பங்கு போட்டால் தொழில் வளரும்

(பள்ளிபாளையம் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. எங்க குழுவில் இன்ஸ்கர்ட் தைக்கிறோம். அந்தத் தொழிலில் நான் செஞ்ச தப்பையும் அதைத் திருத்தின விதத்தையும் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. அதை மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துக்கிறேன்.

நம்ம ஊரைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலம் தாண்டினா ஈரோடு. இந்தப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் தறிச்சத்தம். என் வீட்டுக்காரரும் தறிக்குத்தான் போறார். தறி ஓடாத வாரம் வீட்டில் சம்பளம் இல்லை. அதனாலதான் குழுவில் கடன் வாங்கி அஞ்சு பேர் சேர்ந்து நாலு மிஷின் போட்டோம்.

முதல் ஒன்றரை வருசம் எல்லா வேலையும் நான்தான். துணி வாங்குறது, அளவு போட்டு வெட்டுறது, கணக்கு எழுதுறது, கடைக்குக் கொண்டு போறது எல்லாமே நான்தான். மத்த நாலு பேரும் தைக்கிறதோட சரி. "நான் வெட்டினாத்தான் சரியா இருக்கும்"னு எனக்கு ஒரு நினைப்பு. மகளோட பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு மூணு தடவை போகலை. அதைக்கூடப் பெருமையாத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அந்தத் தீபாவளிக்கு ஒரு மொத்தக் கடையில் 200 பாவாடைக்கு ஆர்டர் கொடுத்தாங்க. எனக்கு டைபாய்டு வந்து எட்டு நாள் படுத்துட்டேன். துணி இருந்துச்சு, மிஷின் இருந்துச்சு, தைக்கிறதுக்கு ஆளும் இருந்துச்சு. அளவு மட்டும் என் மண்டைக்குள்ள இருந்துச்சு. 70 உருப்படிதான் கொடுக்க முடிஞ்சது. மீதியைக் கடைக்காரர் வேற இடத்தில் வாங்கிட்டார். அவர் மேல தப்பே இல்லை. ஆனா அந்த மாசக் கடன் தவணையை நாங்க சேமிப்பில் இருந்து எடுத்துத்தான் கட்டினோம்.

அதுக்கப்புறம் ஒரு பயிற்சியில் லிஜ்ஜத் அப்பளம் கதையைச் சொன்னாங்க. கடையில் எல்லோரும் பார்த்திருப்பீங்க. 1959 மார்ச் 15-ந்தேதி பம்பாய் கிர்காமில் ஏழு பொம்பளைங்க 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் போட ஆரம்பிச்சாங்க. முதல் நாள் நாலே பாக்கெட். அந்த ஏழு பேரில் ஒருத்தரான ஜஸ்வந்திபென் பொபட் அம்மாவுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தாங்க. இன்னைக்கு அங்க நாற்பதாயிரம் பேருக்கு மேல வேலை செய்யறாங்க.

அவங்க வளர்ந்த விதத்தில் இரண்டு விசயம் என்னைப் பிடிச்சு உலுக்குச்சு. முதல் வருசம் மழைக்காலத்தில் அப்பளம் காயலை. நாலு மாசம் தொழிலை நிறுத்திட்டாங்க. அடுத்த வருசம் மழைக்கு முன்னாடியே ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினாங்க. கட்டில் மேல அப்பளம், கட்டிலுக்குக் கீழ அடுப்பு. மழையிலும் வேலை நிக்கலை. திட்டம்னா இதுதாங்க. போன வருசம் எங்க நின்னோமோ, அதுக்கு இந்த வருசம் முன்கூட்டியே வழி பண்றது.

இன்னொன்னு, மாவு பிசையறது அவங்க மையத்தில்தான். அப்பத்தான் ருசி மாறாது. தேய்க்கிறதை வீட்டுக்குக் கொடுத்து விடுறாங்க. மறுநாள் அப்பளத்தைக் கொண்டு வந்தா எடை போட்டு, தரம் பார்த்து, கூலி கொடுக்கிறாங்க. எதை ஒரே இடத்தில் வெச்சுக்கணும், எதைப் பிரிச்சுக் கொடுக்கணும்னு முடிவு பண்ணி வெச்சிருக்காங்க. நானோ எல்லாத்தையும் என்கிட்டயே வெச்சிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செஞ்சேன். மூணு நாள் ஒரு நோட்டில் யார் எப்போ வேலை செஞ்சாங்க, எப்போ சும்மா இருந்தாங்கன்னு எழுதினேன். யாரோ சோம்பேறித்தனம் பண்றாங்கன்னுதான் நினைச்சேன். நோட்டில் வந்தது வேற. நான் வெட்டிக் கொடுக்கிற வரைக்கும் நாலு மிஷினும் தினம் இரண்டு மணி நேரம் சும்மா நிக்குது. நாலு ரெண்டு எட்டு மணி நேரம். ஒரு ஆளோட முழு நாள் வேலை தினமும் என்னாலதான் போச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலைங்க.

அப்புறம் வேலையைப் பிரிச்சோம். எங்க குழுவில் மூத்த அக்கா ஒருத்தர் வெட்டுறதுக்கு, ரெண்டு பேர் தைக்க, ஒருத்தர் அடி மடிச்சு நாடா கோர்த்துப் பிசிறு வெட்ட. துணி வாங்கறதும் கடைக்குப் போறதும் கணக்கும் நான்.

முதல் வாரமே அடி விழுந்துச்சு. அக்கா வெட்டின 36 பாவாடை உயரம் ரெண்டு இஞ்ச் குறைஞ்சு போச்சு. நான் எல்லோர் முன்னாடியும் சத்தம் போட்டுட்டேன். அக்கா ரெண்டு நாள் வேலைக்கு வரலை. மூணாம் நாள் நானே அவங்க வீட்டுக்குப் போனேன். அவங்க கோபப்படலை. "கண்ணு, நீ அளவைச் சொன்ன, காட்டலையே. அடி மடிக்கிறதுக்கு ரெண்டு இஞ்ச் சேர்க்கணும்னு உனக்குத் தெரியும், எனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. வேலையைக் கொடுத்தேன், அதுக்கான விவரத்தைக் கொடுக்கலை.

அன்னைக்கே தறிப்பட்டறையில் நூல் கோன் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கிட்டு வந்து, கலி அளவுக்கு அட்டை வெட்டினோம். மடிப்பும் தையலும் சேர்த்த அளவு. சின்னது, நடுத்தரம், பெரிசுன்னு மூணு அட்டை. ஆணியில் மாட்டி வெச்சோம். இப்போ யார் வெட்டினாலும் அளவு ஒன்னுதான். அந்த 36 பாவாடையையும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகிற மாதிரி மாத்தித் தைச்சு அசல் விலைக்குக் கொடுத்தோம். நஷ்டமான தையல் கூலியை அஞ்சு பேரும் பகிர்ந்துக்கிட்டோம். அக்கா தலையில் மட்டும் கட்டலை.

வாரத் திட்டத்தையும் மாத்தினோம். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி ஆரம்பிச்சுரும். அதனால பின்னாடியிருந்து எண்ணுவோம். ஞாயிறு கட்டு கட்டணும். சனிக்கிழமை பிசிறு வெட்டி முடிக்கணும். வெள்ளிக்குள்ள தையல் முடியணும். அப்படின்னா புதன் சாயங்காலமே வெட்டு முடியணும், செவ்வாயே துணி வீட்டில் இருக்கணும். இதைச் சுவத்தில் சாக்பீஸில் எழுதி வெச்சிருக்கோம். கரண்ட் போனா என்ன வேலை செய்யலாம்னும் எழுதியிருக்கோம். நாடா கோர்க்கிறதுக்குக் கரண்ட் வேண்டாமுங்க.

இப்போ அதே அஞ்சு பேர், அதே நாலு மிஷின். முன்னாடி வாரத்துக்கு 120 வரும். இப்போ 180 வருது. யாரும் ராத்திரி உட்கார்ந்து தைக்கிறதில்லை. எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். கடையில் பணம் வர இன்னும் ஒரு மாசம் இழுக்குது. கடைக்காரர்கிட்ட பேசுற வேலையை நான் இன்னும் யாருக்கும் விடலை. அதையும் வர்ற தை மாசத்துக்குள்ள ஒரு தங்கச்சிக்குப் பழக்கணும்னு தீர்மானத்தில் எழுதியிருக்கோம்.

நம்ம குழுக்கள் சும்மா வந்தது இல்லைங்க. 1989-ல் தர்மபுரியில் ஆரம்பிச்சு, அடுத்த சில வருசத்தில் அப்போ நாமக்கல்லும் சேர்ந்திருந்த சேலம் மாவட்டத்துக்கு வந்தது. சேமிக்கிறதையும் கடன் கட்டுறதையும் நாம ஒழுங்காப் பழகிட்டோம். இனி வேலையைப் பங்கு போடவும் பழகணும்.

உங்ககிட்ட நான் கேட்கிறது மூணுதான். மூணு நாள் நோட்டுப் போட்டு, உங்க வேலை எங்க நிக்குதுன்னு பாருங்க. உங்க தலைக்குள்ள இருக்கிற அளவை அட்டையில் ஏத்துங்க. ஒரு வேலையை இன்னொருத்தர் கையில் கொடுத்து, முதல் தப்பைப் பொறுத்துக்கோங்க.

நான் இங்க வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. அங்க அக்கா வெட்டிக்கிட்டு இருக்காங்க, மிஷின் ஓடிக்கிட்டு இருக்கு. இதுவரைக்கும் ஒருத்தர்கூட எனக்குப் போன் பண்ணலை. போன மாசம் மகளோட பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் போயிட்டு வந்தேன்.