துண்டு நிரலும் துணைக் குறிப்பும்

திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்தை ஒட்டி அமைந்திருக்கும் டெக்னோபார்க் 1990-ஆம் ஆண்டில் தோன்றியது. கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து வந்து அங்கே இணையதளங்களுக்கு நிரல் எழுதும் தமிழ் இளைஞர் பலர். அவர்களிடையே ஒரு நல்ல வழக்கம் நிலவுகிறது. ஒருவர் ஒரு சிக்கலை அவிழ்த்துவிட்டால், அவ்வழியைப் பத்து வரி நிரலாக்கி, அடுத்த மேசைக்காரருக்கும் வேறூரில் இருக்கும் தோழருக்கும் அனுப்பிவிடுகிறார். வாங்கியவர் அதைத் தம் வேலையில் பொருத்திக்கொள்கிறார்.

நமது தொழில் மொழிபெயர்ப்பு. ஆயினும் கலைச்சொற் சீட்டுகளைக் கைமாற்றிப் பழகிய நமக்கு இவ்வழக்கம் அயலானதாகத் தோன்றவில்லை. ‘இன்ட்ரஸ்ட்’ என்ற சொல்லுக்கு நேராக ‘வட்டி’ என்று மட்டும் எழுதிய சீட்டு, சொத்துரிமை பற்றிய ஆவணத்தில் என்ன கேடு விளைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். எவ்விடத்திற்குப் பொருந்தும், எவ்விடத்திற்குப் பொருந்தாது என்ற குறிப்பு இல்லையேல் சரியான சொல்லும் தவறாகிவிடுகிறது. துண்டு நிரலின் நிலையும் அதுவே.

இதைக் கணினியின் முன்னோடிகள் நன்கு உணர்ந்திருந்தனர். 1949-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணினி இயங்கத் தொடங்கியது. அடிக்கடி வேண்டப்படும் கணக்குமுறைகளைக் காகித நாடாக்களில் துளையிட்டு, வேண்டியவர் படியெடுத்துக்கொள்ளுமாறு ஒரு நூலகமாகவே அங்கே சேர்த்து வைத்தனர். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு துண்டும் செய்யும் பணி யாது, அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற விவரங்களுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கப்பட்டது.

இப்பொழுது நம் மொழிகளைப் பற்றிய ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ‘கொடி’ என்று திரையில் எழுதுகிறோம். அதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். பதிவேட்டில் ஒரு முறையில் ஏறிய பெயரை மற்றொரு முறையில் தேடினால், ‘அவ்வாறு ஒருவர் இலர்’ என்று விடை வரும். ஓய்வூதியத்திற்கோ உதவித்தொகைக்கோ காத்திருக்கும் முதியவருக்கு இது சிறு பிழை அன்று. நல்லவேளையாக, இரண்டையும் ஒரே வடிவாக்கும் கட்டளை ஒன்று ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2015 முதல் இருக்கிறது. ‘நார்மலைஸ்’ என்பது அதன் பெயர். ஒரு வரி போதும்.

அந்த ஒரு வரியைத் தமிழ் நண்பர் ஒருவர், மலையாள இணையதளத்தில் பணிபுரியும் மற்றொரு தமிழ் நண்பருக்கு அனுப்புகிறார் என்று கொள்வோம். ‘தேடல் பிழைக்கு இது மருந்து’ என்பதற்கு மேல் குறிப்பு எதுவும் இல்லை. மலையாளத்தில் ண், ன், ர், ல், ள் முதலியவற்றிற்குச் சில்லெழுத்து எனத் தனி வடிவங்கள் உண்டு. ‘அவன்’ என்பதன் ஈற்றெழுத்து அத்தகையது. முன்னர் இவ்வடிவத்தைப் பெற, மெய்யெழுத்துடன் கண்ணுக்குப் புலனாகாத இணைப்புக் குறி ஒன்றையும் சேர்த்து எழுதினர். 2008-இல் வந்த யூனிகோடு 5.1 பதிப்பு சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு அளித்தது. எனவே பழைய கோப்பில் ஒருவகையும் புதிய கோப்பில் ஒருவகையும் கிடக்கின்றன. தமிழ் ஒகரத்தை ஒன்றாக்கிய அதே கட்டளை இவற்றை ஒன்றாக்காது. பழைய தொடர் ஒவ்வொன்றையும் புதிய குறியீடாக மாற்றத் தனிப் பட்டியல் எழுதியாக வேண்டும். கட்டளை ஓடும், பிழைச் செய்தி வாராது, தேடலும் கிடைக்காது. ‘தமிழில் சோதித்தது, மலையாளச் சில்லெழுத்துக்கு உதவாது’ என்ற ஒற்றைக் குறிப்பு நிரலின் தலையில் இருந்திருப்பின், வாங்கியவரின் இரண்டு நாள் உழைப்பு மிஞ்சியிருக்கும். சோதித்த நாளையும் அதனருகே எழுதிவிடுதல் நலம்.

அனுமதி என்பது மற்றொன்று. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்திருக்கிறது. கவிஞரும் நிரலாளரும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கும் காட்சி நமக்கு மகிழ்ச்சியே! அந்த உரிமைக்குப் பதிவு தேவையில்லை, எழுதியவுடன் பிறந்துவிடும். ஆகையால் ‘எடுத்துக்கொள்க’ என்று வாயால் சொல்லிக் கொடுத்த துண்டு, பிற்காலத்தில் வாங்கியவரின் நிறுவனத்திற்குத் தலைவலி ஆகலாம். மேலும், வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே. ஊர்விட்டு ஊர் வந்து, மாதச் சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பும் இளைஞர், நட்பின் பொருட்டு அலுவலக நிரலை வெளியே அனுப்பி வேலையையே இழக்க நேரிடலாம். அவர் பகிர வேண்டுவது, கற்ற வழியை வீட்டில் தாமே புதிதாக எழுதிய துண்டு. அதிலும் கடவுச்சொல் எதுவும் ஒட்டிக்கொண்டிராத துண்டு.

அனுமதியை எழுதியே கொடுக்கும் மரபுக்குத் திருவனந்தபுரம் புதிய ஊர் அன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலை 20 அன்று இந்நகரிலேயே தொடங்கப்பட்டது. ரிச்சர்டு ஸ்டால்மன் அதற்கு வந்திருந்தார். 2002-இல் தோன்றிய ‘ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்னும் தன்னார்வலர் குழுவினர், மலையாள எழுத்துருக்களை யாவரும் எடுத்தாளவும் திருத்தவும் உரிமை தந்து வெளியிட்டு வருகின்றனர். அக்குழுவினர் தமிழுக்கும் ஓர் எழுத்துரு அளித்திருக்கின்றனர் என்பது நம்மவருள் பலர் அறியாதது. அதன் பெயர் ‘மீரா இனிமை’. மும்பையிலோ தில்லியிலோ ஒரு தமிழ்ச் சங்கம் தன் இணையதளத்திற்கு அதை எடுத்தாளலாம். யாரையும் கேட்க வேண்டுவதில்லை. எழுத்துருவோடு உரிம வாசகமும் ஒரு தனிக் கோப்பாக உடன்வருகிறது.